பீஹூன் ஆறுவதற்குள் ஒரு கேள்வி

லாய் ஃபூங் கூட்டத்தில் பேசிப் பழகியவள் இல்லை. ஆனாலும் மைக்கின் முன்னே போய் நின்றாயிற்று.

முப்பது வருடம் மீன் உருண்டை நூடுல்ஸ் விற்றுச் சேர்த்த பணம் முழுவதும் இந்த ரீட்டில் கிடந்தது. ஐந்து பேரங்காடிகளின் வாடகையில், கடனுக்கு வட்டி கட்டியது போக மிஞ்சுவதை, யூனிட் என்ற பங்குகளை வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிறுவனம். வட்டி ஏற ஏற, ஒரு வெள்ளி நாற்பது காசுக்கு வாங்கிய யூனிட் தொண்ணூறு காசுக்கு இறங்கிவிட்டது. கணவர் போ செங்குக்குப் பொறுமை போயிற்று. தொண்ணூற்றைந்து கிடைத்தால் எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்லிக் காலையிலேயே தரகரிடம் போய் உட்கார்ந்துவிட்டார். இப்போது விலை தொண்ணூற்று நான்கு.

ரீட்டின் ஆண்டுக் கூட்டம் முடியப்போகிறது. இலவசச் சாப்பாடு என்றால் கோடீஸ்வரனும் வரிசையில் நிற்கும் ஊர் இது; அரிசி நூடுல்ஸான பீஹூனுக்காகப் பாதி மண்டபம் தட்டும் கையுமாக நின்றது.

"ஆண்ட்டி, சீக்கிரம் லா! பீஹூன் ஆறுது!" என்று கத்தினார் வரிசையில் முதலாவதாக நின்ற தியோ.

"உங்க பீஹூனுக்கு ஒண்ணும் கால் முளைச்சுடாது, அங்கிள்!" என்றவள் மேடையைப் பார்த்தாள். "அறிக்கையில நூத்திப் பன்னெண்டாம் பக்கம். பாதிக் கடனுக்கு மேல இந்த மாசம் புதுப்பிக்கணும்னு போட்டிருக்கீங்க. புது வட்டி எவ்வளவு?"

நிதி அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலையிலதான் அறிவிப்புப் போட்டோம், மேடம். நாலரை சதவீதமா இருந்தது. இப்ப மூணு."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மிச்சமாகும் வட்டி யூனிட்டுக்கு வருடம் இரண்டு காசு. இப்போது வருடம் ஐந்து காசு தரும் யூனிட்டுக்கே தொண்ணூற்று நான்கு கொடுக்கிறார்கள். ஏழு காசு தந்தால்? வங்கி வைப்புக்கும் வட்டி குறைந்துவிட்டது, எல்லோரும் இங்கேதான் ஓடி வருவார்கள்! நன்றி சொல்லக்கூட மறந்து வெளியே ஓடி, போனை எடுத்தாள்.

"ஆ செங்! விக்காதே! ரத்து பண்ணு!"

"தொண்ணூத்தஞ்சு ஆயிடுச்சு. நமக்கு முன்னாடி விக்கக் கொடுத்தவங்களுது போய்க்கிட்டிருக்கு..."

"இப்பவே ரத்து பண்ணு! இல்ல, வீட்டுக்கு வராதே!"

மறுமுனையில் அவர் தரகரிடம் அவசரமாக ஏதோ சொல்வது கேட்டது.

"பண்ணியாச்சு. கத்தாதே, காது வலிக்குது."

லாய் ஃபூங் நின்ற இடத்திலேயே குதித்தாள். அறுபத்தாறு வயதில் குதித்தாள். அரை மணி நேரத்தில் தொண்ணூற்றெட்டு, பிறகு ஒரு வெள்ளி மூன்று காசு.

திரும்பி வந்தபோது சாப்பாட்டுத் தட்டுகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். தியோ போனையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"வரிசையில நின்னுக்கிட்டே தொண்ணூத்தஞ்சுக்குத் தள்ளிவிட்டுட்டேன், ஆண்ட்டி. ஏன் இப்படி ஏறுது? அந்தாளு உங்களுக்கு என்னதான் பதில் சொன்னாரு?"

"அதை விடுங்க, அங்கிள். பீஹூன் சூடா இருந்துச்சா?"