குதிரைக் கயிறு

அனார்குல் பனியில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிச் சாண் சாணாக நகர்ந்தாள். சற்று முன்புவரை வெள்ளையாகச் சமதளமாக இருந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்பு வாய் திறந்திருந்தது.

“வராத.” புருஷனின் குரல் அதற்குள்ளிருந்து வந்தது. “அங்கயே படுத்துக்க. இந்த ஓரம் பூரா வெறும் மேல்தோல்.”

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பனியாற்றின் மேல் உட்கார்ந்து இருவரும் ரொட்டி தின்று தேநீர் குடித்தார்கள். அப்புறம் ஜோல்தோஷ் எழுந்து, அவளை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒதுங்கப் போனார். இருபத்தாறு வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அவருக்கு அந்தக் கூச்சம் போகவில்லை. அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். யாரோ போர்வையை உதறினாற்போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

“எங்க அடிபட்டிருக்கு?”

“கால் மாட்டிக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஆம்பள ஒதுங்குன எடத்த எட்டிப் பாக்கறியே, வெக்கமா இல்ல?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேடிக்கை பேசுவது வண்டி நடுவழியில் நின்றுபோகும் நாட்களில்தான். உள்ளே எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் குரல் அதற்குப் பக்கத்திலிருந்து வந்தது. கைப்பேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு கோடுகூட விழவில்லை.

கோட்டைக் கழற்றி உருட்டி உள்ளே போட்டாள். கிடைத்ததா என்று கேட்டாள்.

“கெடைச்சுது. போத்திக்கிட்டேன்.”

கயிறு வேண்டும், ஆள் வேண்டும். வேன் நிற்கிற ஆற்றோரத்தில் ஒரு கூடாரம் பார்த்தோமே, குதிரை வைத்திருக்கிறவர்கள், அவர்களைக் கூட்டி வா என்றார். அவரைத் தனியே விட்டுப் போக மாட்டேன் என்றாள். அங்கே படுத்துக்கொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவர் கேட்டார். அவள் பின்னால் நகர்ந்து, ஊன்றி வந்த தடியை எடுத்துக்கொண்டாள்.

“நான் பாடிக்கிட்டு இருக்கேன்,” என்றார். “சத்தம் கேக்குற வரைக்கும் கேட்டுக்கிட்டே போ. வந்த அடிய விட்டு விலகாத. நீயும் உளுந்துட்டா நம்ம பொண்ணு பெர்மெத்துக்கு யாரு இருக்கா?”

அவர் பாட ஆரம்பித்தார். தலைநகர் பிஷ்கெக்கில் பதினெட்டு வருடம் பயணிகளை ஏற்றி ஓட்டியபோது வண்டி ரேடியோவில் ஓயாமல் ஓடிய கல்யாணப் பாட்டு. அந்த வேனின் இருக்கைகளையெல்லாம் இந்த வசந்தத்தில்தான் பிடுங்கிப் போட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்திருந்தார். அதில் இருவரும் ஏரியைச் சுற்றி வந்து, கடைசியாக இந்த மலை. இன்று ஒரு நாள் ஏறி இறங்கிவிட்டு ஊர் திரும்புவதாக இருந்தது.

வரும்போது பதிந்த அடிகளிலேயே காலை வைத்து அவள் நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் தடியால் குத்திப் பார்த்தாள். தடி உள்ளே இறங்கும்போதெல்லாம் நின்று மறுபடி குத்தினாள். பனி முடிந்து கற்குவியல் தொடங்கும் இடத்தில் நின்று திரும்பிக் காதைக் கொடுத்தாள். பாட்டு கேட்கவில்லை. தூரத்தால் கேட்கவில்லையா, அவர் நிறுத்திவிட்டாரா? திரும்பி நாலடி ஓடினாள். நின்றாள். பிறகு கீழ்நோக்கி ஓடினாள்.

கூடாரத்தில் இமன்குல் என்ற பருத்த மனிதரும் அவர் மனைவி சுயும்கானும் குதிரைப் பால் கறந்துகொண்டிருந்தார்கள். அனார்குலின் முகத்தைப் பார்த்ததுமே சுயும்கான் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். கேள்வி கேட்டு நேரம் போக்கவில்லை. குதிரை கட்டும் கயிறுகளை எல்லாம் அவிழ்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்த அடுத்த கூடாரத்து ஆட்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு, மூவரும் குதிரைகளில் ஏறினார்கள்.

பனிக்குத் திரும்பி வந்தபோது மூன்று மணி நேரம் கழிந்திருந்தது. அனார்குல் மறுபடியும் குப்புறப் படுத்தாள்.

“பெர்மெத் அப்பா.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“பெர்மெத் அப்பா, ஆளுங்க வந்துட்டாங்க.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. அவள் பக்கத்து வழக்கம் அப்படி. இப்போது சொன்னாள். முதலில் மெதுவாக, பிறகு தொண்டை கிழிய. பெயர் பனிச் சுவர்களில் மோதி மோதி இறங்கிப் போயிற்று.

இமன்குல் ஓட்டையையும் தன் உடம்பையும் பார்த்தார். அதற்குள் சுயும்கான் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒல்லி. நான் போறேன்.”

குதிரையின் சேணத்தில் மறுமுனையைக் கட்டி இறக்கினார்கள். அனார்குலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். தன்னால் இன்னொரு பெண்ணும் உள்ளே போகிறாளே என்று கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டாள். கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு இழுப்பு.

சுயும்கான் மேலே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கையில் அனார்குலின் கோட்டு, போட்டபோது உருட்டின உருட்டு கலையாமல் இருந்தது.

“எஜே,” என்றாள். அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு, கோட்டை நீட்டினாள். “அவரு கண்ண மூடி விட்டுட்டேன்.”

“இது?”

“பாதி வழியில, ஒரு பனித்திட்டுல கெடந்துச்சு.”

அனார்குல் கோட்டை வாங்கினாள். உதறவில்லை, போடவும் இல்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, மேட்டுக் கூடாரத்து ஆண்கள் வந்து அவரை வெளியே எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சிகரங்களில் வெயில் இன்னும் இருந்தது. ஜோல்தோஷை வேனுக்குள் கட்டிலில் கிடத்தினார்கள். தலைமாட்டில் சுயும்கான் உட்கார்ந்துகொண்டாள். இமன்குல் வண்டியை எடுத்தார். முன்னால், அவருக்குப் பக்கத்தில் அனார்குல். முதல் இறக்கத்தில் இரண்டாவது கியர் விழவில்லை. இமன்குல் அழுத்தினார், இழுத்தார், அடிக்குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இரும்பு கறகறவென்று அரைத்தது.

அனார்குலுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கையை நீட்டி, கியர்க் கம்பியின் குமிழைப் பிடித்தாள். ஜோல்தோஷ் செய்வதைப் போலவே லேசாக மேலே தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து, கீழே தள்ளினாள்.

விழுந்தது. இமன்குல் தலையசைத்தார். அவள் கையை எடுக்கவில்லை. வண்டி ஆற்றோரமாக மெல்ல இறங்கியது. பின்னால் அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.