கடைசியாகச் சொன்ன பதில்

அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவளைக் கேள்விக்காரி என்றுதான் சொல்வார்கள். தண்ணீர், தடுப்பூசி, கழிப்பறை என்று அரசாங்கம் எதைத் தெரிந்துகொள்ள நினைத்தாலும், தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள் அவள்தான். "புருஷன் இருந்தவரைக்கும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதுக்கெல்லாம் சேர்த்து இப்ப ஊரைக் கேக்கறேன்" என்று சிரிப்பாள்.

இந்தத் தடவை வந்த படிவம் வேறு மாதிரி. வீட்டுக்குள் பெண்கள் படும் அடி உதையைப் பற்றியது. பெண் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். யாராவது வந்துவிட்டால், கூடவே கொடுத்திருந்த பச்சைத் தாளில் உள்ள அடுப்பு, விளக்கு பற்றிய கேள்விகளுக்குத் தாவிவிட வேண்டும்.

தையல்காரியின் வீட்டில் முன்னறையில் மெஷின், உள்ளறையில் மாமியார். முதல் கேள்வியைக் கேட்டதுமே தையல்காரி மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். பேச இஷ்டமில்லை போலிருக்கிறது என்று கேள்விக்காரி எழுந்திருக்கப் பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது. பேச்சு உள்ளே கேட்காமல் இருக்கத்தான் மிதிக்கிறாள்.

"அடிச்சிருக்காரா?"

"ம்."

"கடைசியா எப்போ?"

"முந்தாநாள். பெல்ட்டால." துணியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"உனக்கு விருப்பமில்லாதப்ப..." கேள்விக்காரி உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அதுல நம்ம விருப்பம்னு ஒண்ணு இருக்காக்கா? ஆமான்னே போட்டுக்குங்க."

பதினொன்றாவது கேள்வியில் புருஷன் வந்துவிட்டான். மெஷின் நின்றது. கேள்விக்காரி பச்சைத் தாளை எடுத்து, "வீட்ல எத்தனை விளக்கு எரியுது?" என்றாள். எல்லாவற்றுக்கும் அவனே பணிவாகப் பதில் சொன்னான். வாசல்வரை வந்து வழியனுப்பியும் வைத்தான். அவள் தெருவில் இறங்கியதும் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பட்டப்பகலில் அந்தத் தெருவில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

மூன்று நாள் கழித்து மீதிக் கேள்விகளோடு போனபோது, தையல்காரி அவளை நிலைப்படி தாண்ட விடவில்லை. வலது கையில் கட்டு.

"அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் பொய்க்கா. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க."

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். "அரைகுறைப் படிவம் ஏற்கெனவே எக்கச்சக்கமா சேர்ந்துபோச்சும்மா. மாத்திச் சொன்னா, கடைசியா சொன்னதுதான் பதில். விதியே அப்படித்தான்." கேள்விக்காரி பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு, புதியதில் இருபத்திரண்டு இடத்திலும் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழு மாதத்தில் அறிக்கை வந்தது. வட்டாரத்தில் வன்முறை பாதியாகக் குறைந்திருந்ததாம். அமைச்சர் அதைப் படிக்க, சபையில் மேசையைத் தட்டினார்கள். தேவை குறைந்துவிட்டது என்று, அடிபட்டு வரும் பெண்கள் தங்குவதற்கு அங்கே இருந்த ஒரே இல்லத்தையும் மூடினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் தையல்காரி கேள்விக்காரியின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். இடுப்பில் மகள். காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

"இல்லம் பூட்டியிருக்குக்கா. ஸ்டேஷனுக்குப் போனேன். இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா, எழுத்துல ஏதாவது இருக்கான்னு கேக்கறாங்க. நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அந்தப் பேப்பர் இருக்கும்ல?"

"கிழிச்சுட்டேன்மா. நீ மாத்திச் சொன்னதால..."

தையல்காரி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நான்தானே சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள்.

"வா. நான் வந்து வாயால சொல்றேன்."

கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துச் சேர்ந்த வேலை. போனால் போகட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். ஸ்டேஷன் எழுத்தர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இவங்க அடி வாங்கறதா உங்ககிட்ட சொன்னாங்க. சரி. படிவத்துல என்ன இருக்கு?"

"இல்லைன்னு போட்டேன்."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

எழுத்தர் பேனாவை மூடினார். "ரெண்டுல எது நிஜம்னு நான் எதை வச்சும்மா எழுதறது? இவங்க புருஷனைக் கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்பறோம்."

கண்டித்தார்கள். அவனும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். வெளியே வந்ததும் மகளைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தான். பிள்ளை அவனிடம் இருக்கும்போது அவள் வேறெங்கே போவாள்? இரண்டடி பின்னால் நடந்தாள்.

அடுத்த கணக்கெடுப்புக்கான பட்டியலில் கேள்விக்காரியின் பெயர் இல்லை. ஏன் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, மனசு கேட்காமல் அந்தத் தெருவுக்குப் போனாள். வீட்டில் வேறு குடித்தனம். எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை விசாரித்தாள்.

"ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டாங்க. எங்கன்னு தெரியலைக்கா."

கேள்விக்காரி திரும்பியபோது, அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "அப்ப எங்க வீட்டுக்கும் வந்தீங்க. ஞாபகம் இருக்கா? உங்க படிவத்துல இல்லைன்னு நான் சொன்னதும் பொய்தான்" என்றாள்.

கேள்விக்காரி அவளிடம் திரும்பி வந்தாள். சொல்ல ஓர் இடமும் இல்லை, எழுத ஒரு தாளும் இல்லை. "உடம்பைப் பாத்துக்கம்மா" என்றாள். பஸ்ஸுக்குக் காத்திராமல் வெயிலில் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.