கூட்டலுக்கு வராத குவளைகள்

அக்கா கணக்கில் புலி. கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். ஒரு புள்ளி இடம் மாறிவிட்டால் அன்று முழுக்க யாரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டாள். சிறுநீரகத்தில் கல், தினம் இரண்டு லிட்டர் உள்ளே போயாக வேண்டும் என்று அப்பாவிடம் டாக்டர் சொன்னதும், இருவரும் எழுதும்படி போனில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுத் தம்பிக்கும் அனுப்பிவைத்தாள். காலையில் ஆபீஸ் போகும் வழியில் அவள் வந்து கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் தம்பி பொறுப்பு. அவன் தச்சன், அப்பாவோடுதான் இருக்கிறான், பட்டறை வீட்டின் பின்பக்கமே. குடித்ததை மில்லியில் எழுதினால் அன்றன்றைய கூட்டல் அடியில் தானாக வந்துவிடும்.

ஒரு வாரமாக எந்த நாளின் கூட்டலும் ஐந்நூறைத் தாண்டவில்லை. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான், அப்பாவைத் தவிக்க விடுகிறான் என்று முடிவு கட்டி, அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போக வந்து நின்றாள். அப்பாவுக்கு அந்த வீட்டை விட்டு நகர மனமில்லை. ஆனால் மகளை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கிளம்புமுன் பாத்ரூம் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனார்.

"என்னடா இது, ஐந்நூறு மில்லி குடிக்கிற மனுஷன் இத்தனை தடவை போவாரா?"

"நான்தான் ஊத்திக் குடுத்துக்கிட்டே இருக்கேனேக்கா. எழுதியும் வச்சிருக்கேன்," என்றான் தம்பி, கையில் மரம் தேய்க்கிற உப்புத்தாளோடு.

அக்காவுக்குக் கோபம் போய் ஆராய்ச்சி வந்துவிட்டது. தினமும் அடியில் இருக்கும் கூட்டலை மட்டும் பார்த்தவள் இன்றுதான் மேலே போனாள். அவளுடைய எண்களெல்லாம் கட்டத்தின் வலது ஓரத்தில் நின்றன. தம்பி எழுதியவையோ இடது ஓரத்தில். '250 சூப், உப்பு போதலையாம்.' '200 பால், பாதியைப் பூனைக்கு வச்சிட்டார்.' '300 தண்ணி, அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டே குடிச்சார்.' கடைசிக் கட்டத்தில் எண்ணை விட்டுவிட்டு, சொற்களை மட்டும் அழித்துப் பார்த்தாள். எண் வலது ஓரத்துக்குத் தாவியது, கூட்டல் முந்நூறு ஏறியது. எழுத்து கலந்த கட்டத்தைக் கூட்டல் எண்ணாகவே மதிக்காது. தப்பு என்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். ஆபீசில் எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்த சங்கதிதான். தம்பி ஒரு வாரமாகக் கொடுத்ததெல்லாம் பூஜ்யமாகியிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வெறும் நம்பர்தான் எழுதணும்னு நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும். இரு, மத்ததை எல்லாம் அழிச்சிடறேன்."

"அழிக்காதேக்கா," என்றான் தம்பி.

பக்கத்தில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, அழித்ததையும் திரும்ப அடித்து, சொற்களையெல்லாம் அங்கே நகர்த்தினாள். பூனைக்குப் போன பாதியை மறக்காமல் கழித்தாள். நேற்றைய கூட்டல் இரண்டு லிட்டரைத் தொட்டது.

"அப்பா இங்கேயே இருக்கட்டும்டா," என்றாள்.

புதிய நெடுவரிசையில் தம்பியின் எண்களுக்கு எதிரே எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. அவளுடைய எண்களுக்கு எதிரே காலி. ஏதாவது எழுதலாமே என்று யோசித்தாள். காலையில் அப்பா எப்படிக் குடிப்பார் என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. குவளையைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்கு ஆபீஸ் லீவா?"