தாமதமாக ஏறிய தண்ணீர்

தீ விபத்துக்கு மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தின் தண்ணீர், குழாய்களை விட்டுவிட்டுப் படியேறிப் போகத் தொடங்கியது. யாருக்கும் தொந்தரவில்லாமல் சுவரோரமாகவே ஏறி, மேல்மாடியில் தையல்காரி வீட்டு வாசலில் போய்த் தேங்கியது. கீழ்மாடிகளில் பல் துலக்கக்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. தரைக்கடியில் இருந்த தொட்டியில் இரண்டு குழாய்கள். வீடுகளுக்கான குழாய் பாதி ஆழத்தோடு நின்றுவிடும், தீயணைப்புக் குழாய் அடிவரை போகும். ஊரே குளித்தாலும் கீழ்ப்பாதித் தண்ணீர் தீக்கென்று அப்படியே கிடக்கும். அந்தக் கோடையில் குடியிருப்போர் சங்கம் கூடி, சும்மா கிடக்கிற தண்ணீரை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று வீட்டுக் குழாயையும் அடிவரை நீட்டியது. எல்லோரும் கை தூக்கினார்கள். தலையில் சோப்பு நுரையோடு பலநாள் நின்ற எரிச்சலில் தையல்காரியின் புருஷனும் தூக்கினான். சங்கச் செயலாளருக்குக் கைதட்டல் கிடைத்தது. வாசலில் நின்ற கார்களெல்லாம் பளபளத்தன.

தீப்பிடித்த அன்று மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், தையல்காரி துணி வாங்கப் போயிருந்தாள். மேல்மாடியில் தனியாக இருந்த புருஷன் சுவரிலிருந்த சிவப்புப் பெட்டியைத் திறந்து, குழாயை இழுத்து, வால்வைத் திருகினான். கீழே மோட்டார் போட்ட கூச்சலுக்குக் குறைச்சலில்லை. வந்தது காற்றுதான். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நின்றவனைக் கையில் குழாயோடுதான் கண்டெடுத்தார்கள். அவள் தெருவில் நின்று தன் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வயிற்றில் பற்றிய ஆத்திரம் பிறகு அணையவே இல்லை. கை தூக்கிய புருஷன்மேலும் அவளுக்கு ஆத்திரம்தான்.

லாரித் தண்ணீர் வரவழைத்தார்கள், அதுவும் மேலே போனது. வாளிகளை மூடிக் கல்லை வைத்தார்கள், கல்லை நகர்த்திவிட்டுப் போனது. செயலாளரின் கோப்பையில் இருந்த காபி, தூளை மட்டும் அடியில் விட்டுவிட்டுக் கிளம்பியது. மூன்றாம் மாடி வக்கீல், தண்ணீர் படிக்கட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று பலகை எழுதி மாட்டினார். இதையெல்லாம் அவள்தான் ஏவிவிடுகிறாள் என்று பேச்சு. ஏவத் தெரிந்திருந்தால் அவள் அன்றைக்கே ஏவியிருக்க மாட்டாளா?

கடைசியில் செயலாளர், துவைக்காத சட்டையோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. அவர் பேரைப் பளிங்குல பொறிச்சு வாசல்ல வைக்கிறோம்.”

“பேரை வச்சுத் தீயை அணைப்பீங்களா? நீட்டின குழாயை வெட்டுங்க. அப்புறம் இங்க வந்து, அவர் நின்ன எடத்துல நின்னு, நீங்களே திறந்து காட்டுங்க.”

“வெட்டினா கோடைக்குத் தண்ணி பத்தாதேம்மா.”

“பத்தாம போகட்டும். எம் பொண்ணு இந்த மாடியிலதான் தூங்குறா.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். நாற்றம் தாங்காமல் சங்கம் இன்னொரு முறை கை தூக்கியது. குழாயை வெட்டிய பிறகு ஊற்றிய தண்ணீர் முதல்முறையாகத் தொட்டியிலேயே தங்கியது. செயலாளர் மேலே வந்து, கரி படிந்த சுவருக்கு முன்னால் நின்று வால்வைத் திருகினார். பீறிட்ட வேகத்தில் மல்லாக்க விழுந்தார். தண்ணீர் ஜன்னல் வழியாகப் பாய்ந்து, அன்று அவள் நின்ற தெருவில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் பார்த்துக்கொண்டே நின்று, “இவ்வளவுதானே?” என்று கத்தினாள். “இவ்வளவுதானேடா வேணும்?”

மறுநாளே குழாய்களில் தண்ணீர் வந்தது. ஒரு வாளி அளவு மட்டும் திருந்தவில்லை. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிப் போன பிறகும் அது சாயங்காலமானால் படியேறுகிறது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் காவலாளி சாவியைக் கொடுக்கும்போதே, குப்பை வண்டி வரும் நேரத்தையும் சொல்லி, படியில் தண்ணீர் வந்தால் ஒதுங்கி வழிவிடச் சொல்வார். அவர்களும் ஒதுங்குகிறார்கள்.

மேலே அவள் கதவைத் திறப்பாள்.

“வந்துட்டியா? இப்ப வந்து என்னத்தைக் கிழிக்கப் போற?”

கதவைப் படாரென்று சாத்துவாள். தண்ணீர் விடியும்வரை வாசலிலேயே கிடக்கும்.