எண்ணிச் சொன்ன நேர்த்தி

என் நாய் சோகோயோ செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நான் ஏழு வருடத்துக்கு நேர்ந்துகொண்டவன். போனது ஆறுதான். அதுதான் சிக்கல்.

எங்கள் ஊர் மோனிம்போவில் நாய்க்கு உடம்பு முடியாமல் போனால், நாய்கள் கால் புண்ணை நக்கிய புனித லாசரோவிடம் நேர்ந்துகொள்வோம். பிழைத்துவிட்டால் அவர் திருநாளில் அதற்கு வேடம் கட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். விவரமானவர்கள் ‘உயிரோடு இருக்கும்வரை’ என்று வேண்டுவார்கள். நாய் போனால் நேர்த்தியும் முடிந்தது. சோகோயோ குட்டியாக இருந்தபோது எலி மருந்தைத் தின்று நுரை தள்ளிக் கிடந்தான். அந்தப் பதற்றத்தில் நான் ஏழு வருடம் என்று எண்ணிச் சொல்லித் தொலைத்தேன்.

அவன் செத்தது பகலில். இரவுக் காவல் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து காபி போட்டுக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

திருநாள் காலையில் பக்கத்து வீட்டு நூபியா அக்கா தன் பெர்லிதாவை இழுத்துக்கொண்டு வந்தாள். குண்டு வெள்ளை நாய். சோகோயோவுக்காக அவள் தைத்திருந்த பேஸ்பால் சட்டை அதன் வயிற்றில் பிதுங்கியது.

“இவளைக் கூட்டிட்டுப் போடா. புனிதர் என்ன பல்லைப் புடிச்சா பாக்கப் போறாரு?”

“கழட்டுக்கா.”

“நாய்க்குப் பதில் நாய். ஊர்ல நடக்காததா? நேர்த்தியப் பாக்கி வெச்சா உன் கால்லதான் புண்ணு வரும்.”

“வரட்டும். அவர் காப்பாத்திக் குடுத்தது இதை இல்ல.”

நானே பொத்தான்களை அவிழ்த்தேன். பெர்லிதா என் விரலைக் கடித்தது. அதன்மேல் தப்பில்லை.

“அப்ப நாயில்லாம எப்படிடா போவே?”

“நடந்து.”

கோயில் வாசலில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் தவளை வேடத்தில் ஒன்று, பின்னால் மணப்பெண் உடையில் ஒன்று. விழாவை நடத்தும் பெரியவர் தொன் எலிசேயோ என்னை மறித்தார்.

“எங்கடா உன் நாய்?”

“செத்துப்போச்சு.”

“அப்புறம் நீ என்னத்துக்கு நிக்கிற? உனக்குச் சொறியா?”

வரிசை சிரித்தது.

“ஏழு வருஷம்னு நேந்துக்கிட்டேன், தொன் எலிசேயோ. இது ஏழாவது.”

“எண்ணியா சொன்னே? மடப்பயலே! யாராவது எண்ணிச் சொல்லுவானா?” அவர் தலையில் அடித்துக்கொண்டார். “சரி, வேற நாய் கெடைக்கலையா?”

“கெடைச்சுது.”

அவர் நகர்ந்து வழிவிட்டார்.

“நாய் போற வேகத்துல போ. ஓடாதே.”

அப்படித்தான் போனேன். மூன்றாவது பெஞ்சருகே நின்றேன். வருடா வருடம் அவன் காலைத் தூக்குகிற இடம். பின்னால் வந்த மணப்பெண் நாயும் நின்றது. அதன் சொந்தக்காரி என்னை அவசரப்படுத்தவில்லை.

சிலைக்கு முன் போய், “ஏழு முடிஞ்சுது” என்று சத்தமாகவே சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இல்லை. எலி மருந்து தின்ற குட்டிக்கு ஆறு வருடம் அதிகம்தான். அதற்கு நன்றி சொன்னேன்.

பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்த பிறகுதான் அழுகை வந்தது. அடக்கவில்லை. சுற்றிலும் முந்நூறு நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. யாருக்கும் கேட்கவில்லை.