உள்ளங்கையில் ஒரு துடிப்பு

பஞ்சவர்ணத்துக்கு முதல் பிள்ளை பிறந்தபோது ரெட்டிபாளையமே திரண்டு வந்து பார்த்தது. பிறந்த அன்றைக்கே மூன்று மாதப் பிள்ளை அளவு இருந்தான். "பொறந்தா இப்படிப் பொறக்கணும்" என்று மெச்சினார்கள். மூன்றாம் நாள் நீலம் பாரித்துப் போய்ச் சேர்ந்தான். மெச்சிய அதே வாய்கள் கண் பட்டுவிட்டது என்றன. ஊருக்கு வாயா வலிக்கப் போகிறது?

எண்பத்திரண்டாம் வருஷம் மறுபடி ஏழு மாதக் கர்ப்பம். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிற உடம்பு அவளுக்கு. நாத்தனார் கொளஞ்சியம்மாள் விடுவதாக இல்லை. "ரெண்டு உசுருக்குத் திங்கணும் வர்ணம்" என்று வட்டிலில் சோற்றைக் குவித்து நெய்யை ஊற்றுவாள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் நர்சு சிந்தாமணி மரக்குழலை வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தாள். இடம் மாற்றி மாற்றிப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைத் தேடினாள். பஞ்சவர்ணம் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சதை மூடியிருக்கு, அதான் லேசுல கேக்கல. ம்... இருக்கான்."

"எனக்குக் கேக்குமாங்க?"

அந்தக் குழல் வயிற்றுக்காரியின் காதுக்கு எட்டாது. சிந்தாமணி குழலில் வைத்த காதை எடுக்காமலே அவள் உள்ளங்கையைப் பிடித்து, கேட்டதை ஒற்றை விரலால் தட்டிக் காட்டினாள். விடுவிடுவென்று ஓடியது அது. சிமெண்டுத் தூசி படிந்த சட்டையோடு பக்கத்தில் நின்ற புருஷன் வைரக்கண்ணு, அந்த விரலையே வாய் பிளந்து பார்த்தான்.

முதல் பிள்ளையின் கதையைக் கேட்டுவிட்டு சிந்தாமணி சொன்னாள். "கண்ணும் இல்ல, மண்ணும் இல்லம்மா. உன் ரத்தத்துல சக்கர இருக்கு, உடம்பும் மிஞ்சிப் போச்சு. அது புள்ளையோட நெஞ்சத் தாக்கும். மொதப் புள்ளைக்கும் இதாத்தான் இருக்கும். யாரும் உனக்குச் சொல்லல, உன் மேல தப்பில்ல. இனிமேப்பட்டு சோத்தக் கொற."

பஞ்சவர்ணம் குறைத்தாள். வட்டிலைத் தள்ளியதற்கு நாத்தனார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிள்ளை நினைப்பு வரும்போதெல்லாம் பஞ்சவர்ணம் தன் உள்ளங்கையில் தானே தட்டிப் பார்ப்பாள். அது அவள் விரல்தான், பிள்ளை இல்லை. ஏக்கம்தான் கூடியது.

ஒன்பதாம் மாதம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை, கனத்த பிள்ளை. மூச்சு திணறியது. உடனே திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்கு வைரக்கண்ணுவும் கொளஞ்சியம்மாளும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தையல் போட்ட உடம்போடு பஞ்சவர்ணம் இங்கேயே கிடந்தாள். பிள்ளையைத் தொடக்கூட இல்லை. பால் கட்டி மார் கல்லாய் வலித்தது. அடுத்த கட்டிலில் ஒரு பிள்ளை அழும்போதெல்லாம் இவளுக்குச் சேலை நனைந்தது. நாலு நாளாக ஒரு சேதியும் இல்லை.

ஐந்தாம் நாள் வைரக்கண்ணு மட்டும் வந்தான். அவள் பார்த்தது அவன் கைகளைத்தான். வெறுங்கை.

அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் உள்ளங்கையை மடியில் இழுத்து வைத்தான். சிமெண்டு தின்ற விரலால் தட்டத் தொடங்கினான். விடுவிடுவென்று ஓடியது.

"டாக்டரு குழாய என் காதுல மாட்டிவுட்டாரு" என்றான் பிறகு. "நெஞ்சு தடிச்சிருக்காம், போகப் போகச் சரியாயிடும்னாரு. நேத்துலேருந்து பால் குடிக்கிறான். அக்கா கூட இருக்கு. உன்னைய அழைச்சிட்டுப் போகத்தான் வந்தேன்."

பேசும்போது விரல் நின்றுபோயிருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள் பஞ்சவர்ணம்.