முப்பத்தாறு வயதுக்கு வெள்ளை

இறந்துபோன தங்கை பிராகோவுக்கு உடுத்தியிருந்த வெள்ளைத் துணியில், கழுத்தோரம் குத்தியிருந்த ஊசிகளைக் கொனாடு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மாமாவின் கைத்தடி கட்டில் காலைத் தட்டியது.

"விடுடி. உடுத்தினது உடுத்தினபடியே இருக்கட்டும்."

"வெள்ளை எழுபதைத் தாண்டினவங்களுக்கு மாமா. இவளுக்கு முப்பத்தாறு. சிவப்புதானே கட்டணும்?"

பிணத்தை அலங்கரிக்க வந்த பெண்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிராகோவின் முகத்தைப் பார்த்தார்கள். இறுகிச் சுருங்கிய வாய், சுற்றிலும் கோடுகள், திட்டுத்திட்டாய் வெளுத்த தோல். வயதைக் கேட்கத் தோன்றவில்லை.

உடம்பின் காவல்படை உடம்பையே எதிரியென்று அடிக்கும் நோய். தோலின் செல்கள் சீக்கிரமே கிழடு தட்டிவிடும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். அவை வேலை செய்யாது, செத்தும் தொலையாது, உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்துச் செல்களையும் கெடுக்கும்.

"எங்க மாமா மாதிரின்னு சொல்லுங்க," என்று அன்று டாக்டரிடம் சொன்னாள் பிராகோ. சிரிக்க வாய் திறக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மாமா குடும்பத் தலைவர். கூடாரம், பித்தளை வாத்தியம் எல்லாம் அவர் ஏற்பாடு. அதை வாசல் ஒலிபெருக்கி விடியற்காலையிலிருந்து குமாசி நகருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது.

"யோசிச்சுப் பாரு," என்றார். "சின்ன வயசுச் சாவுன்னா யாரு சூனியம் வெச்சாங்கன்னு நம்ம வீட்டையே துருவுவாங்க. கிழவின்னா ஆடிட்டு, சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. முகமும் ஒத்துழைக்குது."

கொனாடு கையிலிருந்த ஊசிகளைப் பார்த்தாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதற்குள் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

முதலில் வந்த மூதாட்டி கைகளை உயர்த்தினாள். "கொடுத்து வச்சவ! எத்தனை பேரப்பிள்ளைங்க?"

"நிறைய," என்றார் மாமா.

அவளுக்குப் பின்னால் சிவப்பும் கறுப்புமாய் உடுத்திய நான்கு பெண்கள். பள்ளி விடுதியில் பிராகோவோடு ஒரே அறையில் இருந்தவர்கள். நோய் வந்த பிறகு பிராகோ ஒருவரையும் வீட்டுக்கு வரவிடவில்லை. கட்டிலை எட்டிப் பார்த்தார்கள், மரியாதையாய்த் தலைகுனிந்தார்கள், பின்வாங்கினார்கள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா, வீடு மாறி வந்துட்டோம். இது யாரோ பெரியம்மா போல. பிராகோ வீடு அடுத்த தெருவா?"

மாமா வழிகாட்டக் கைத்தடியைத் தூக்கினார்.

"இதுதான் வீடு," என்றாள் கொனாடு. "இவதான் அவ."

நால்வரும் திரும்பி வந்து நின்றார்கள். வாசலில் வாத்தியக்காரர்கள் அடுத்த ஆட்டப் பாட்டைத் தொடங்கினார்கள். நால்வரில் உயரமானவள் புறங்கையால் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அங்கே ஈரம் எதுவும் இல்லை, சுருக்கமும் இல்லை.